விரிசல் எழுத்து

அவள் செய்யும் எழுத்துருவில் நான்கு வார்த்தை படிப்பதற்குள் நமக்கு முழி பிதுங்கிவிடும். நாடக போஸ்டர் அடிப்பவர்களுக்கும் பாட்டுக் குழுக்களுக்கும் அதுதான் வேண்டும். துருப்பிடித்த கம்பியைப் பார்த்து ஒன்று, தரையில் சிந்திய எண்ணெயைப் பார்த்து இன்னொன்று என்று செய்து பேர் வாங்கியவள். வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் கோணல்.

இந்த முறை அவள் கண்ணில் பட்டது மாமனார் அறைச் சுவரிலிருந்த விரிசல். மூலையில் கிளம்பி, கதவு நிலைக்கு மேலே வரை கிளை கிளையாக ஓடியது. அடிக்கடி படம் எடுத்து, ஒவ்வொரு கிளையையும் ஓர் எழுத்தாக்கினாள். விரிசல் அகல அகல எழுத்துக்குச் சதைபிடித்தது. பாவி மகளுக்கு அதில் சந்தோஷம் வேறு!

கணவனுக்கோ அதைப் பார்த்தாலே பயம். கொத்தனாரைக் கூட்டிவந்தான். அவர் பெரியவரை வேறு அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டு, விரிசலுக்குக் குறுக்கே சாந்துப் பட்டை ஒன்று பூசினார்.

"இது வெடிச்சா செவுரு நகருதுன்னு அர்த்தம். யாரும் கை வைக்காதீங்க."

பட்டை சரியாக அவளுக்குப் பிடித்த வளைவின் மேல் உட்கார்ந்துகொண்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் சுரண்டப் போனால், பட்டை ஏற்கெனவே இரண்டாக வெடித்திருந்தது. அவளுக்குத் திக்கென்றது. சொன்னால் நாளைக்கே சுவரை இடித்துவிடுவார்கள், பாதி எழுத்து இன்னும் பாக்கி. பட்டையைப் பெயர்த்துப் படம் எடுத்துக்கொண்டு, கொத்தனார் விட்டுப்போன சிமெண்டைக் குழைத்து அதே இடத்தில் தானே புதிதாகப் பூசிவைத்தாள். எழுத்து முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கொத்தனார் திரும்ப வந்து தடவிப் பார்த்தார். "பட்டை அப்படியே இருக்கு. இனி பயமில்ல, பெரியவர் படுத்துக்கலாம்."

அவளும் ஒரு கை பிடித்தாள். கட்டில் பழைய இடத்துக்கே போனது.

"அப்பாடா! என் ரூமுல படுத்தாதான் எனக்குத் தூக்கமே வரும்" என்று சொல்லிக்கொண்டே மாமனார் மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவளுக்கு வேலை ஓடவில்லை. என்ன ஆனாலும் சரி, சொல்லித் தொலைத்துவிடுவோம் என்று எழுந்தபோது அந்த அறையிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. ஓடிப்போய்த் தள்ளினாள். நிலை இறங்கிக் கதவைக் கவ்வியிருந்தது. தோளால் இடித்தும் அசையவில்லை. உள்ளே சுவர் உதிர்ந்து கொட்டிக்கொண்டிருந்தது.

"யாரும்மா அது, வெளியே கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?" மாமனாரின் குரலில் இன்னும் தூக்கம் கலையவில்லை. "விளையாடாதீங்க, விடுங்க."

"நான்தான் மாமா" என்று அலறினாள். "நான்தான்!"