பாதி வானத்தில் துருவ நட்சத்திரம்

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். வானத்தைத் திரையில் காட்டும் மென்பொருள் ஒன்றை மடிக்கணினியில் இறக்கிய நாளிலிருந்து, நட்சத்திரங்களெல்லாம் என் கைக்குள் வந்துவிட்டதாக நினைத்துத் திரிந்தேன். சன்னல்களைப் பழைய போர்வைகளால் மூடி புரொஜெக்டரைப் போட்டதும், ஏழாம் ஆண்டுப் பிள்ளைகள் "ஆ" என்றார்கள். அது எனக்கான "ஆ" என்றே எடுத்துக்கொண்டேன்.

துருவ நட்சத்திரத்தைக் காட்டினேன். "வடக்குப் பக்கம் திரும்பி நின்னு, தரைக்கும் உச்சிக்கும் நடுவுல பாருங்க. பாத்து எழுதிட்டு வாங்க."

அந்த வாரம் அதிசயமாக மூடுபனி இல்லை. இருபத்து மூன்று கொப்பிகள் வந்தன. இருபத்திரண்டில் நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சிலர் அதன் அழகைக்கூட வர்ணித்திருந்தார்கள். ஒரு பிள்ளை மட்டும், "படத்தில் காட்டியதுபோல் அங்கே ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் பிழை போட்டு, "கவனமாகப் பார்க்கவும்" என்று எழுதினேன்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அம்மா வந்தார். பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நேரே வந்திருந்தார், தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். ரெண்டு நாளா நானும் புள்ளையோட நின்னு பாத்தேங்க. காணோம். நீங்க எந்த எடத்துல நின்னு பாத்தீங்கன்னு சொன்னா, நாங்களும் அங்க போயி பாப்போம்."

நான் எங்கேயும் நின்று பார்த்ததில்லை. பதினொரு வருடமாக இதே பாடத்தை நடத்துகிறேன். ஒருநாளாவது கழுத்தை நிமிர்த்தி அதைத் தேடியதில்லை.

"எங்க வீட்டுப் பக்கம்," என்றேன்.

"நல்லாத் தெரியுதுங்களா?"

"நல்லாத் தெரியுது."

அவர் நம்பித் தலையாட்டிவிட்டுப் போனார். அதைத் தாங்க முடியாமல்தான் கணினியைத் திறந்தேன். திரையின் கீழ் மூலையில், இத்தனை நாளும் நான் வாசிக்காத சின்ன எழுத்தில், பாரிஸ் என்று இருந்தது. நான் பிரான்ஸ் நாட்டு வானத்தைத் தோட்டத்துக்கு மேலே தேட விட்டிருக்கிறேன். இடத்தை நுவரெலியா என்று மாற்றினேன். துருவ நட்சத்திரம் விறுவிறுவென்று இறங்கி, அடிவானத்துக்குச் சற்று மேலே போய் நின்றது. பாடசாலைக்கு வடக்கே நிற்கும் மலை அதை முழுசாக மறைத்துவிடும்.

மறுநாள் வகுப்பில் உண்மையைச் சொன்னேன். முன்வரிசையில் ஒருவன் எழுந்து, "அப்ப நாங்க பாத்தது என்னாங்க டீச்சர்?" என்றான்.

"அதத்தான் நானும் கேக்கிறேன்."

இருபத்திரண்டு தலைகள் குனிந்தன. குனியாத ஒருத்தி கொப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். "பிழைய வெட்டிட்டு சரி போடுங்க டீச்சர்." போட்டேன். அவள் குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டுப் பக்கம் தெரியுதுன்னு அம்மாகிட்ட சொன்னீங்களாமே?" என்றாள்.

அன்று பின்னேரம் அவர்களுடைய லயத்து வீட்டுக்குப் போனேன். பொய் சொன்னதை அவளுடைய அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதே லயத்தின் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர்களையும் கூப்பிட்டு, என் கையில் தேத்தண்ணியைக் கொடுத்து, "மொதல்லேருந்து சொல்லுங்க டீச்சர்," என்றார்.

சொன்னேன்.