மேடையேறிய பயிற்சிப் பாடம்

கிரிவலக் கூட்டம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் மாடியில் பியானோ கச்சேரி. வாசித்தவர் எங்கள் வீட்டு மாடியில் ஆறு வருடமாகக் குடியிருக்கும் வெளிநாட்டுப் பெண். அடுத்து ஒரு எட்யூட் வாசிக்கப்போவதாகச் சொன்னார். அப்படியென்றால் பயிற்சிப் பாடமாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பாட்டு டீச்சர். முதல் மாதம் குழந்தைகள் கத்தும் சரளி வரிசையை யாராவது கச்சேரியில் பாடினால் மைக்கைப் பிடுங்கிவிடுவேன்.

வாசிக்க ஆரம்பித்தார். வலது கையில் ஒரே விரல் ஓட்டம், திரும்பத் திரும்ப. பயிற்சியேதான். ஆனால் அதற்கு அடியில் இடது கை, யாரையோ பறிகொடுத்ததுபோல மெல்ல நடந்தது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த என் கை எப்போது நின்றது என்று தெரியவில்லை.

முடிந்ததும் நேரே போய், "இதுவா பயிற்சி?" என்று சண்டைக்கு நிற்பதுபோல் கேட்டேன்.

"முன்னாடி வெறும் விரல் பயிற்சிதாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல, ரொமான்டிக் காலம்னு சொல்வாங்க, அப்ப இசை எழுத வந்தவங்க அதுக்குள்ளயே மனச வச்சி எழுதிட்டாங்க," என்றார். "உங்க பயிற்சி ஒண்ணு பாடுங்களேன், அக்கா."

சரளி வரிசையின் முதல் வரியை எடுத்தேன். நான்கு ஸ்வரம் தாண்டுவதற்குள் குரல் நின்றுவிட்டது. இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கும் வரி. அதை நான் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோலப் பாடிக்கொண்டிருந்தேன்.