டெக்ஸ் பாஸ்க் பாடின என் பாட்டு

செத்தவங்களைப் பத்தி நல்லதுதான் பேசணும்னு பாதிரியார் சொல்றாரு. சிரில் பாஸ்க்கைப் பத்தி நல்லது மட்டும் பேசணும்னா, ஒரு கோப்பை டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுவேன். கிதார் நல்லா வாசிப்பான். பெத்தவளைக் கடைசிவரைக்கும் பாத்துக்கிட்டான். அவ்வளவுதான். மிச்சத்தைச் சொல்லத்தான் எனக்கு நேரம் வேணும்.

லண்டன்ல எங்க டெப்ட்ஃபோர்ட் பூரா அவனை 'டெக்ஸ்'னு கூப்பிடுது. டெக்ஸாம் டெக்ஸ்! டெக்ஸாஸ் எந்தப் பக்கம்னு கேட்டா தேம்ஸ் ஆத்தைக் காட்டுவான். அவன் பாத்த தூர தேசம் மார்கேட் கடற்கரை. அதுவும் ஒருநாள் போயி மழையில நனைஞ்சு திரும்பி வந்தான். அப்பேர்ப்பட்டவனைப் புதைக்கிறப்போ தெரு கொள்ளாத கூட்டம். பொட்டி போறப்போ ஒலிபெருக்கியில அவனோட இசைத்தட்டைப் போட்டாங்க. 'இன்னும் ஒரு மூட்டை'. ஜார்ஜியாச் சிறையில கைதிங்க பாடின பழைய பாட்டுன்னு பாதிரியார் விளக்கம் வேற குடுத்தாரு. சர்ச் வாசல்ல நின்னுக்கிட்டு அப்படி ஒரு பொய்.

அது என் பாட்டு. டோரீன் ஸ்கல்லி ஆகிய நான் கட்டினது. இந்த ஊர்ல ஒத்த ஆளு அதை ஒத்துக்கிட்டாப் போதும்னு இருபத்தெட்டு வருஷமாக் கத்திக்கிட்டிருக்கேன்.

கதை நான் வேலை பாத்த சலவைக்கூடத்துல ஆரம்பிக்குது. ஊர் அழுக்குத்துணி எல்லாம் மூட்டை மூட்டையா அங்கதான் வரும். கொதிக்கிற தண்ணி, சலவைச் சோடா, நீராவி. ஆறே மாசத்துல கைத்தோலு ஊறி உரியும். எங்களுக்கு மேஸ்திரி சிரிலோட அப்பன், பெரிய பாஸ்க். போர்க்கப்பல்ல உருளைக்கிழங்கு உரிச்சவன். ஆனா எங்க கிட்ட 'கேப்டன்னு கூப்பிடு'ன்னு அதட்டுவான். முதலாளி வந்தா மட்டும் முதுகு வில்லா வளைஞ்சுடும்.

ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அம்பத்திமூணுல ஒருநாள், மணி அடிச்சப்புறமும் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் காலடியில போட்டான். எனக்கு வந்துச்சே கோவம்! வாயைத் திறந்து திட்டினா வேலை போயிடும். துவைக்கிற பலகை இருக்கில்ல, வரிவரியா நெளிஞ்ச தகரம் அடிச்சது, அதுமேல விரலால தாளம் தட்டிக்கிட்டே பாடினேன்:

*இன்னும் ஒரு மூட்டை, கேப்டன், இன்னும் ஒரு மூட்டை,*
*என் கை வெளுத்துப் போச்சு, கேப்டன், துணி வெளுக்கலையே.*

பொம்பளைங்க எல்லாம் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரே வாரத்துல, ரெண்டு ரெண்டு வரியா அஞ்சு அடி ஆச்சு. கடைசி அடியில அவன் பேரையே வெச்சுக் கிழிச்சிருந்தேன். அவன் வாசப்பக்கம் வந்தா மட்டும் அந்த அடியை முழுங்கிடுவோம்.

அப்பனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவர்ற சிரில் பின்கதவுல நின்னு அஞ்சு அடியையும் கேட்டான். விழுந்து விழுந்து சிரிச்சான். அப்பன் பெல்ட்டு அவனுக்கும் பழக்கம்தானே. மறுநாள் கிதாரோட எங்க வீட்டுக்கே வந்துட்டான்.

"டோரீ, அந்தப் பலகையைத் தூக்கிக்கிட்டு வா. நாம ஒரு குழு கட்டுவோம்."

"பலகையை வெச்சா? அறிவு இருக்கா உனக்கு?"

"டிரம் வாங்க வக்கு இருக்கா நமக்கு? பலகை போதும்டி."

அப்படித்தான் எங்க பக்கத்துல, வீட்டுச் சாமானையே வாத்தியமாக்கிப் பாடற ஸ்கிஃபிள் பொறந்துச்சு. என் தம்பி ரெஜ் காலி தேயிலைப் பெட்டியைக் கவுத்து, விளக்குமாத்துக் கட்டையை நட்டு, ஒரு கயித்தை இழுத்துக் கட்டினான். 'பும் பும்'னு பேசுச்சு. நான் விரலுக்கு விரல், ஊசி குத்தாம இருக்கத் தையக்காரங்க மாட்டற அங்குஸ்தானை மாட்டிக்கிட்டுப் பலகையில தட்டினேன். சிரில் கிதார்ல 'கார்டு'ன்னு சொல்ற சுரக்கட்டு மூணே மூணை வெச்சுக்கிட்டு உலகத்தையே பாடினான்.

ஆனா அந்தக் காலத்துல ஒரு பைத்தியம் பிடிச்சிருந்துச்சு எங்க ஜனத்துக்கு. பாட்டு அமெரிக்காவுலேருந்து வந்திருக்கணும். ரயிலு, சிறை, பருத்திக்காடு, இதெல்லாம் இருந்தாத்தான் பாட்டு. சர்ச் கூடத்துல மொதமொதல்ல நான் முன்னாடி வந்து, "இது நான் சலவைக்கூடத்துல கட்டினதுங்க"ன்னு சொல்லிப் பாடினேன். பாதிப் பேர் டீ வாங்க எழுந்து போயிட்டாங்க. மிச்சப் பேர், "என் சட்டைக்குப் பொத்தான் தைச்சியா?"ன்னு கத்தினாங்க.

அடுத்த வாரம் சிரில் அதே பாட்டைப் பாடினான். அமெரிக்காக்காரன் மாதிரி மூக்கால பேசினான். "ஜார்ஜியாவுல சங்கிலி கட்டின கைதிங்க பாடினது. துறைமுகத்துல ஒரு கறுப்பு மாலுமி எனக்குச் சொல்லிக்குடுத்தான்"னான். அங்க கைதிங்க காவக்காரனைக் 'கேப்டன்'னுதான் கூப்பிடுவாங்களாம். அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு என் துணி மூட்டையைப் பருத்தி மூட்டையாக்கிட்டான். கடைசி அடியை வெட்டிட்டான். கூடமே எழுந்து நின்னு கை தட்டுச்சு. பொத்தான் கேட்டவன் கண்ணுல தண்ணி!

இந்த இடத்துல என் தப்பையும் சொல்லிடறேன். அம்பத்தாறுல இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் ஒருத்தர் நோட்டோட வந்தாரு. "இந்தப் பாட்டு எங்க கெடச்சுது?"ன்னு கேட்டாரு. சிரில் என்னைப் பாத்தான். உண்மையைச் சொன்னா அந்த ஆளு நோட்டை மூடிடுவாருன்னு எனக்குத் தெரியும். பாட்டு தட்டுல வரணும்னு எனக்கும் ஆசை. "ஒரு மாலுமி சொல்லிக்குடுத்தாருங்க"ன்னு நானே சொன்னேன். என் வாயால நானே சொன்னேன்! தட்டு வந்துச்சு. 'பழம்பாட்டு. அமைத்தவர்: டெக்ஸ் பாஸ்க்.' அந்த எழுத்தை நான் எத்தனை தடவை தடவிப் பாத்திருப்பேன்!

அப்புறம் நடந்த கூத்தை என்னன்னு சொல்ல? லண்டன்ல ஒரு வீட்டுலயும் துவைக்கிற பலகை மிஞ்சல. பயலுங்க எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. கடையில தேயிலைப் பெட்டி காலியாகறதுக்கு முன்னாடியே வரிசையில நின்னானுங்க. காசில்லாதவனும் பாடலாம், மூணு சுரக்கட்டு போதும்னு காட்டினவன் சிரில்தான். அதை நான் மறுக்கல. அவன் வீட்டுப் பின்வாசல்ல கத்துக்கிட்டவங்கள்ல ரெண்டு பேர் பின்னாடி பெரிய பெரிய குழு வெச்சு உலகம் சுத்தினாங்க. மின்சாரக் கிதாரு வந்ததும் சிரில் பாட்டை யாரும் கேக்கல. முன்னாடி வேலை பாத்த பிஸ்கட் ஆலைக்கே திரும்பிப் போனான். சனிக்கிழமையானா மட்டும் எவன் வந்து கதவைத் தட்டினாலும் உக்காரவெச்சுச் சொல்லிக்குடுப்பான். பிஸ்கட் தூள் ஒட்டின விரலோட.

ஊருக்கு நல்லவன். எனக்கு?

அறுபத்தாறுல டாக்டர் கெட்டரிங்னு ஒரு படிச்ச மனுஷன் சிறைப் பாட்டுங்களைத் திரட்டிப் புத்தகம் போட்டாரு. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல என் பாட்டு. 'சுமார் 1890, ஜார்ஜியா'. நான் பொறக்கறதுக்கு நாப்பது வருஷம் முன்னாடி! நான் கடுதாசி போட்டேன். அழகான காகிதத்துல பதில் வந்துச்சு. அமெரிக்கப் பாடகர் ஒருத்தர் இதைத் தன் தாத்தா பாடக் கேட்டிருக்காராம். நான் தட்டைக் கேட்டுட்டு நானே கட்டினதா நினைச்சிருக்கலாமாம். அந்தப் பாடகன் கேட்டது எங்க தட்டைத்தான்னு எனக்குத் தெரியாதா? என் பலகைத் தாளத்தை அப்படியே வாயால அடிக்கிறானே!

நேரா சிரில் வீட்டுக்குப் போனேன்.

"எழுதுடா. 'இது டோரீன் கட்டினது'ன்னு நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடு."

"எங்கம்மா உயிரோட இருக்காங்கடி. புருஷனைத் திட்டின பாட்டுன்னு தெரிஞ்சா தாங்குவாங்களா?"

"உங்கம்மாவா? உங்கப்பன் செத்த அன்னிக்கு அப்பாடான்னு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டவங்கடா அவங்க!"

"டோரீ, அம்மா போகட்டும். சத்தியமா எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

அவன் சத்தியத்தை நம்பிக் காத்திருந்தேன். கிழவி சாவணும்னு நான் ஒருநாளும் நினைக்கல. ஆனா எம்பதுல அவங்க போனப்போ நான் மனசுக்குள்ள மாசத்தை எண்ணினேன். அப்படி ஒரு பாவத்தையும் அவன் என் தலையில ஏத்தினான்.

எம்பத்தொண்ணுல தட்டு வந்து இருபத்தஞ்சு வருஷம்னு ஆத்தோர பப்புல ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் கொண்டாட்டம் வெச்சாங்க. டாக்டர் கெட்டரிங்கும் ஒலிப்பதிவுப் பெட்டியோட முன்வரிசையில. நான் அங்குஸ்தானைக் கோட்டுப்பையில போட்டுக்கிட்டுப் போனேன்.

சிரில் எழுந்தான். முகம் வெளுத்திருந்துச்சு. "இந்தப் பாட்டு ஜார்ஜியாவுலேருந்து வரல. இதோ உக்காந்திருக்காளே டோரீன் ஸ்கல்லி, இவ டெப்ட்ஃபோர்ட் சலவைக்கூடத்துல கட்டினது. நான் பொய் சொன்னேன்"னான்.

சொல்லிட்டான்!

பப்பு பூரா கொல்லுன்னு சிரிச்சுது.

ஏன் சிரிக்காது? முப்பது வருஷமா ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி ஒரு புளுகு விடுறதுதான் அவன் வழக்கம். "இது பக்கத்துப் பேட்டை நியூ கிராஸ்ல ஒரு மாடு மேய்க்கிறவன் சொல்லிக்குடுத்தது", "இது எங்க வீட்டுப் பூனை பாடினது"ன்னுவான். இதையும் அதுல ஒண்ணாச் சேத்துக்கிட்டாங்க. "சத்தியமா, நிஜம்"னு அவன் கெஞ்சினான். இன்னும் பலமாச் சிரிச்சாங்க. "டெக்ஸுக்கு என்ன மனசு பாரு, கூட வாசிச்சவளுக்குப் பேரைத் தூக்கிக் குடுக்கறான்"னு எவளோ கண்ணைத் தொடைச்சா. உண்மையைச் சொன்னதுக்கும் அவனுக்குத்தான் நல்ல பேரு!

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ருன்னு ஏறிச்சு. அங்குஸ்தானை மாட்டிக்கிட்டேன். பலகை இல்ல, மேஜைமேலயே தட்டினேன். எந்தத் தட்டுலயும் இல்லாத அந்தக் கடைசி அடியைப் பாடினேன்:

*பாஸ்கு கேப்டன், பாஸ்கு கேப்டன், உன் சட்டையும் வந்துச்சு,*
*கஞ்சி போட்டும் நிக்கலையே, உன்னைப் போல வளைஞ்சுச்சு.*

ரெண்டாவது வரியில கிதார் சேந்துச்சு. சிரில்தான். ஒரு சொல்லு தப்பாமக் கூடவே பாடினான். அவன் கன்னத்துல தண்ணி ஓடுச்சு.

"இப்ப சொல்லுய்யா"ன்னு டாக்டரைப் பாத்துக் கேட்டேன். "ஜார்ஜியாச் சிறைக்குள்ள பாஸ்க் எப்படி வந்தான்?"

அந்த மனுஷன் துள்ளி எழுந்தாரு. "அற்புதம், அம்மா! அற்புதம்! உள்ளூர்க் கேலி வடிவம்! இதை நான் கேள்விப்பட்டதே இல்ல!"

"வடிவமா? இதுதான்யா அசலு!"

"ஆமாமா, பாடறவங்க எல்லாரும் அப்படித்தான் நம்புவாங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே குறிச்சுக்கிட்டாரு.

எம்பத்திமூணுல புத்தகம் மறுபடி அச்சாச்சு. டெப்ட்ஃபோர்ட் நூலகத்துல போய்ப் பாத்தேன். நூத்திப் பன்னெண்டாம் பக்கம் அப்படியே இருக்கு, அடியில மட்டும் ஒரு பொடி எழுத்து: 'தெற்கு லண்டன் சலவைப் பெண்களிடையே இதன் கேலி வடிவம் ஒன்றும் வழங்குகிறது.' பேரு கூட இல்ல. சலவைப் பெண்கள்!

பேனாவை எடுத்தேன். ஓரத்துல மையாலயே எழுதினேன்: 'பொய். இதைக் கட்டியவள் டோரீன் ஸ்கல்லி, 1953.' புத்தகத்தை மூடிட்டு, தெருவுல சிரிலைப் பாத்து அதையும் சொன்னேன். "உன்னால நான் நூலகப் புத்தகத்துல கிறுக்குற நெலமைக்கு வந்துட்டேன்டா. திருப்தியா?"ன்னேன். அவன் இருமிக்கிட்டே போனான். அதுக்கப்புறம் நான் அவனோட பேசல. நுரையீரல் போயிடுச்சுன்னு சொன்னாங்க, ஆஸ்பத்திரிக்கும் நான் போகல.

போன வாரம் அவனைப் புதைச்ச மறுநாள், ஏனோ தெரியல, காலு நூலகத்துக்கு இழுத்துக்கிட்டுப் போச்சு. நூத்திப் பன்னெண்டைத் திறந்தேன். என் மை அப்படியே இருந்துச்சு. அதுக்குக் கீழ, நடுங்கின பென்சில்ல, ரெண்டு வரி.

'இவள் சொல்வது உண்மை. கேப்டன் என் அப்பா. — சிரில் பாஸ்க்.'

டெக்ஸ்னு போடல. சிரில்னு போட்டிருந்தான். இருமிக்கிட்டு நூலகப் படியெல்லாம் ஏறி வந்திருக்கான், படுபாவி. வந்தவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னானா? யாரும் எடுக்காத புத்தகத்துல, விரல் பட்டா அழியற பென்சில்ல எழுதி வெச்சுட்டுப் போயிருக்கான்.

நூலகப் பொண்ணு வந்து, "உடம்பு சரியில்லையாம்மா?"ன்னு கேட்டா. "உன் வேலையைப் பாரு"ன்னேன். கோட்டுக்குள்ள செருகிக்கிட்டு வந்துடலாமான்னு கை பரபரத்துச்சு. எடுத்துட்டு வந்தா எனக்கு மட்டும்தானே தெரியும்? அதனால பேனாவை எடுத்து, அவன் பென்சில் எழுத்து ஒண்ணு விடாம, மேலயே மையால எழுதினேன். காயற வரைக்கும் ஊதினேன். அப்புறம் புத்தகத்தை எடுத்த இடத்துலயே வெச்சுட்டு வந்தேன்.