அணியத்தில் என் கால்

பசுண்டாங் ஓடையில் வலை விடுகிறவர்களுக்கு நாலு மரியாதைகள் உண்டு. முதலில் வந்த படகு முதலில் வலை விட வேண்டும். தண்ணீரில் கிடக்கிற வலைக்குக் குறுக்கே போகக் கூடாது. வலையைப் படகுக்குள் இழுத்து வாங்கி முடிக்கும் வரை என்ன கிடைத்தது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஒருவன் வலை அடியில் மாட்டிக்கொண்டால், அவன் 'பின் படகு' என்று கூப்பிட வேண்டும். வரிசையில் அடுத்து நிற்கிற படகு தன் வேலையை விட்டுவிட்டுப் போயே ஆக வேண்டும். எல்லாம் நல்ல மரியாதைகள்தான். எனக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று வைத்திருந்தார்கள்: பொம்பளை கால் அணியத்தில் படக் கூடாது.

அணியம் என்றால் படகின் முன்முனை. அங்கேதான் பூ கட்டுவார்கள், படகைக் காக்கிற சாமி அங்கே இருக்கிறது என்பார்கள். வலையை வாங்குவதும் அங்கே நின்றுதான். அலோன் துறைமுகத்தில் மூட்டை சரிந்து என் வீட்டுக்காரருக்குக் கை மடங்காமல் போன பிறகு, படகை நான் எடுத்தேன். பின்னால் உட்கார்ந்துகொண்டு வலை வாங்க எனக்கென்ன பத்து முழக் கையா இருக்கிறது? என் படகு, என் கால், ஏறி நின்றேன்.

அன்றிலிருந்து என் முறை காணாமல் போயிற்று. யாரும் சண்டைக்கு வரவில்லை. என் வீட்டுக்காரரோடு சின்ன வயதிலிருந்து பழகிய ஒருவர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், எனக்குப் பின்னால் வந்துவிட்டு எனக்கு முன்னால் வலையை இறக்குவார். அவரைப் பார்த்து மற்றவர்களும். அங்கே ஆளே இல்லாத மாதிரி என்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள். என் முறை வருவதற்குள் நீர் வற்றி ஓட்டம் நின்றுவிடும். அதற்கப்புறம் வலையில் பாசிதான் வரும். பாசியைக் குழம்பு வைக்க முடியுமா? அணியத்தில் ஏறாமல் இருந்தால் சமாதானமாகிவிடுவார்கள் என்றார் வீட்டுக்காரர். அப்படியானால் படகை விறகாக்கிவிடலாம் என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள் அண்ணன் வழக்கம்போல முந்திக்கொண்டு வலையை விட்டார். வளைவில் முங்கிக் கிடந்த ஏதோ கட்டையில் வலை மாட்டியது. ஓட்டமோ வேகம். துடுப்பை விட்டால் படகு திரும்பிவிடும், துடுப்பைப் பிடித்தால் வலையை எடுக்க ஆளில்லை. மற்ற படகுகள் ஓடையின் தலைப்பில் கிடந்தன. அவற்றைப் பார்த்துக் கத்தினார், எதிர்க்காற்றில் குரல் போகவில்லை. பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

"என்ன வேடிக்கை பாக்குற? வா இங்க."

"முறையா கூப்பிடுங்க அண்ணே, வர்றேன்."

நான் துடுப்பை ஊன்றி நின்றேன். முறையாகக் கூப்பிட்டால் அடுத்த படகு என்னுடையது என்று அவர் வாயால் சொன்னதாகிவிடும். அது அவருக்கும் தெரியும். வலையின் மேல்கயிறு முறுக்கிக்கொண்டு முனகியது. கிழிந்தால் அவர் வீட்டிலும் அடுப்பு எரியாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் அசையவில்லை.

"பின் படகு," என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"கேக்கல."

"பின் படகு, வா."

போனேன். என் படகை அவர் படகின் பின்பக்கம் கட்டிவிட்டு, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரைத் தாண்டி முன்னால் நடந்தேன். அணியத்தில் அன்று காலை கட்டிய பூ இருந்தது. பூவை மிதிச்சிடாதே என்று மெல்லச் சொன்னார். அதை மட்டும் விலக்கி வைத்துவிட்டு, இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்று இழுத்தேன். உள்ளங்கை தோலுரிந்தது. வலை ஒரு கண் கூட அறுபடாமல் வந்தது.

மறுநாள் நான் துறைக்கு வந்தபோது அவர் அணியத்தை மஞ்சள் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என் கால் பட்ட இடத்தை. மற்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைக் காட்டுவதற்கா நான் அங்கே போனேன்? என் படகில் ஏறி, என் அணியத்தில் நின்றேன்.

"நல்லா கழுவிட்டு வாங்க அண்ணே. இன்னிக்கு எனக்குப் பின்னாடிதான் நீங்க."

நான் வலையை விட்டு முடிக்கும் வரை அவர் படகு எனக்குப் பின்னால் நின்றது.