மில் ஊருக்குக் கொண்டுபோன கறி

மகளைக் கையோட கூட்டிக்கொண்டு வாறதெண்டுதான் மாசி மாதத்தில அந்த ஊருக்கு வெளிக்கிட்டன். அதை நான் ஒருத்தருக்கும் ஒளிக்கேல்லை. அவளின்ர இரண்டு வருசக் கொன்ராக்ட் முடியுது, பெர்மனென்ற் ஆக்கிறம் எண்டு மில்காரர் கேட்டிருக்கினம், திங்கட்கிழமை பதில் சொல்ல வேணும். "நீங்கள் ஒருக்கா வந்து பாருங்கோம்மா, பேந்து யோசிப்பம்" எண்டாள். பாக்க அங்க என்ன கிடக்கு? மோர்னிங்சைட்டில எங்கட வீட்டில இருந்து வடக்கால பத்து மணித்தியால ஓட்டம். மரத்தை அவிச்சுக் கடதாசிக்குக் கூழ் செய்யிற ஒரு மில், அதைச் சுத்தி ஒரு பிடி சனம். கெமிக்கல் எஞ்சினியரிங் படிச்ச பிள்ளைக்கு எங்கட வீட்டுக்குப் பக்கத்து ரவுண் மார்க்கத்தில வேலை இல்லையோ? என்ர மனிசன்ர சிநேகிதரைப் பிடிச்சு, அங்க ஒரு இன்ரவியூவும் ஒழுங்கு பண்ணி வைச்சிட்டுத்தான் காரில ஏறினன்.

வெறுங்கையோட போகேலுமோ? இரண்டு நாள் நிண்டு சமைச்சன். கோழிக்கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், முட்டைக் குழம்பு, முட்டைக்கோவாச் சுண்டல், இடியப்பம். எல்லாத்தையும் ஐஸ்கிறீம் டப்பாவிலயும் தயிர் டப்பாவிலயும் அடைச்சு, பெரிய கூலர் பெட்டியில இறுக்கினன். ஒரு வாய் வைச்சாளெண்டால் தானா வெளிக்கிட்டு வருவாள் எண்டு நினைப்பு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நானும் மனிசனும் போய்ச் சேந்தம். மகள் வேலையில. அவள் வாடகைக்கு இருக்கிற வீட்டு வாசலில மனிசன் காரை நிப்பாட்ட, நான் கதவைத் திறந்தன், குப்பெண்டு ஒரு மணம். கூழ்முட்டை! அதோட அழுகின கோவா!

"ஐயோ, கறி பழுதாப் போச்சு!"

"விசர்க்கதை கதையாதையும். இந்தக் குளிருக்குக் கறி எப்பிடியப்பா பழுதாகும்?" எண்டார் என்ர மனிசன்.

"வழி முழுக்க ஹீட்டரை ஆர் போட்டது? நீங்கள்தானே! கூலர் காருக்குள்ளதானே கிடந்தது!"

அவர் மூக்கை உறிஞ்சிப் பாத்திட்டுத் தானும் மூக்கைப் பொத்தினார். நானும் மூடியைத் திறந்து பொறுமையாப் பாத்திருக்கலாம். ஆனால் எனக்குக் கோவம் வந்தால் பொறுமை பின்கதவால போயிடும். குப்பை வாளி வாசலிலயே நிண்டது. டப்பாவோட எறிய மனம் வரேல்லை, எல்லாம் நல்ல டப்பா. மூக்கைச் சால்வையால கட்டிக்கொண்டு, ஒவ்வொண்டாக் கவிட்டுத் தட்டித் தட்டிக் கொட்டினன். இரண்டு நாள் பாடு அஞ்சு நிமிசத்தில முடிஞ்சுது.

மகள் வேலையால வந்தாள். நான் விசயத்தைச் சொல்ல, முதல் அவளுக்கு விளங்கேல்லை. விளங்கினதும் வாசல் படியில அப்பிடியே குந்திப்போட்டாள்.

"அம்மா, அது மில் மணம்! காத்து இந்தப் பக்கம் அடிச்சால் ஊர் முழுக்க இப்பிடித்தான். ஓ மை கோட், நீங்கள் ஆட்டிறைச்சியையும் கொட்டிட்டீங்களோ?"

சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குக் கண்ணால தண்ணி ஓடுது. நானெண்டால் வெறும் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நிக்கிறன். ஆனால் ஒண்டு சொல்ல வேணும். வீட்டில இருந்த காலத்தில இவள் இப்பிடிச் சத்தமாச் சிரிச்சதை நான் கண்டதில்லை. காதுக்குள்ள எதையோ செருகிக்கொண்டு அறைக்குள்ள இருந்த பிள்ளை.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு மனிசி வந்தா. வீட்டுக்காரியும் அவதான். முப்பது வருசமா மில்லில வேலை, அறுபது வயசிருக்கும், தோள் எண்டால் கதவகலம். கதையைக் கேட்டுப்போட்டு உள்ளுக்குப் போய், மாவுக்குள்ள இறைச்சி வைச்சு வேகவைச்ச ஒரு பெரிய 'பை' பலகாரத்தைச் சூட்டோட தூக்கிக்கொண்டு வந்தா. மாடோ எண்டு பயந்து பயந்து கேட்டன். மாடில்லையாம், மூஸாம், காட்டில திரியிற பெரிய மான் இனமாம். மூஸ் தின்னக்கூடாதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. கைப்பையில கிடந்த மிளகாய்த்தூளைத் தூவி இரண்டு துண்டு சாப்பிட்டன். வெட்கத்தை விட்டுச் சொல்லுறன், நல்ல ருசி.

சனிக்கிழமை விடிய மகள் ஊர் காட்டினாள். ஊர் வாசலில பஸ் அளவில ஒரு சீமெந்து மீன், அதுக்கு முன்னால நிண்டு படம். பேந்து ஊரில இருக்கிற ஒரேயொரு சிக்னல் லைற். "இவ்வளவுதானோ?" எண்டன். "இன்னும் ஏரி இருக்கு" எண்டாள். போற வழியெல்லாம் எதிரில வாற கார்க்காரர் கோர்ண் அடிச்சுக் கையைக் காட்டுகினம். எல்லாருக்கும் இவளைத் தெரியுது. "ஆரடி இவையெல்லாம்?" எண்டால், ஒவ்வொருத்தற்ர வேலை, வீடு, நாய் எண்டு எல்லாம் சொல்லுறாள்.

ஏரி உறைஞ்சு கிடந்தது. அதுக்கு மேல ஊர் முழுக்கத் திருவிழா மாதிரி நிக்குது. நடுவில மரக்குத்தி அறுக்கிற போட்டி. ஆள் நீளத்துக்கு ஒரு வாள், இரண்டு பக்கமும் கைபிடி, இரண்டு பேர் சேந்து அறுக்க வேணும். மகளும் கீழ்வீட்டு மனிசியும்தான் சோடி. மனிசி தன்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு, நோகுதாம், தனக்கு ஏலாது, என்னைப் போகட்டாம். நானோ! ஐம்பத்தேழு வயசில, இரவல் வாங்கின பனி உடுப்பில! என்ர மனிசன் படம் எடுக்கப் போனைத் தூக்கிட்டார். இனித் தப்பேலாது.

தொடங்கினம். நான் மூச்சைப் பிடிச்சுத் தள்ளினன். வாள் நெளிஞ்சு இறுகிப்போச்சு.

"அம்மா, தள்ளாதேங்கோ! உங்கட பக்கம் இழுக்கிறது மட்டும்தான். பேந்து விடுங்கோ, நான் இழுப்பன்."

"விட்டால் எப்பிடியடி அறுக்கும்?"

"அறுக்கும். விடுங்கோவன்!"

விட்டன். அவள் இழுத்தாள். பேந்து நான். மரத்தூள் பனியில கொட்டத் தொடங்கிச்சுது. சனம் கை தட்டிக் கத்துது, நானும் சேந்து கத்துறன். கடைசியா வந்தம், ஆனால் துண்டு விழேக்க எனக்கு வந்த சந்தோசம்! எத்தினையோ வருசத்துக்குப் பிறகு அப்பிடித் துள்ளினன்.

கீழ்வீட்டு மனிசி வந்து என்ர முதுகில ஒரு தட்டுத் தட்டி, மகள் இனி இஞ்சயே நிப்பாளோ எண்டு இங்கிலிசில என்னைக் கேட்டா. அவளையில்லை, என்னை. பக்கத்தில நிண்டவை எல்லாரும் என்ர வாயையே பாத்தினம். அப்பதான் விளங்கிச்சுது, 'அம்மா வந்து பாக்கட்டும்' எண்டு இவள் ஊருக்கெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறாள். மகள் தன்ர சப்பாத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள். மார்க்கத்து இன்ரவியூ என்ர நாக்கு நுனியில நிண்டது.

"பிள்ளை, உனக்கு இஞ்ச விருப்பமோ?" எண்டன்.

இரண்டு வருசமா அவளுக்கு வேலை தேடினன், இன்ரவியூ ஒழுங்கு பண்ணினன், இதைமட்டும் நான் அவளிட்டக் கேக்கேல்லை.

"ஓம் அம்மா." நிமிந்து பாத்தாள். "சரியான விருப்பம்."

"அப்ப திங்கட்கிழமை போய்க் கையெழுத்தைப் போடு."

பாய்ஞ்சு வந்து கட்டிப்பிடிச்சாள். இரண்டு பேரின்ர உடுப்பும் தடிப்பு, கை சுத்தி வரேல்லை. பத்து மணித்தியாலத் தூரம் எண்டு நினைக்க எனக்கு அழுகையும் வந்தது. தமிழ் விளங்காத கீழ்வீட்டு மனிசி, நான் என்ன சொன்னனான் எண்டு என்ர மனிசனைக் கேட்டா. அவர் போனை நீட்டி எங்களைப் படம் எடுத்துக்கொண்டு நிண்டார்.

நான்தான் திரும்பி, அங்க நிண்ட எல்லாருக்கும் கேக்க இங்கிலிசிலயே கத்திச் சொன்னன்: "ஷீ இஸ் ஸ்ரேயிங்!"