வெறும் வயிற்றில் வந்த சீனி

தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று மின்வாய்க் கம்பியை முக்கிப் பார்த்துச் சொல்வதுதான் என் தொழில். வெள்ளவத்தைக் கிணறோ சோடாத் தொழிற்சாலையோ, போத்தலில் அடைத்து எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தால் எனக்கு எல்லாம் ஒன்றுதான். நான் சொல்லும் எண்ணை யாரும் மறுத்ததில்லை. வீட்டில் மட்டும் என் சொல் எடுபடாமல் போனது, போன மாம்பழக் காலத்தில்.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, ஒரு துளி இரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, கையடக்க மெஷினில் பார்ப்பேன். அதுவும் மின்வாய் வேலைதான். ஸ்ட்ரிப்பில் பூசியிருக்கும் நொதியம் சீனியோடு சேர்ந்து வினைபுரிய, சின்னதாக ஒரு மின்னோட்டம் பிறக்கும். மெஷின் அதை அளந்து எண்ணாகக் காட்டும். எப்போதும் அடக்கமாக இருந்த அந்த எண், திடீரென்று நாள் தவறாமல் இருநூறைத் தாண்டியது.

"இஞ்சருங்கோ, ராவிலை எழும்பி ஃபிரிட்ஜைத் திறக்கிறியளோ?" என்றாள் மனைவி.

"இல்லையப்பா."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதோ?"

முப்பது வருடம் மெஷினை நம்பிச் சாப்பிட்டவன், ஓம், பொய்தான் என்று எப்படிச் சொல்வது? அன்றைக்கே சீனிப் பேணி அலுமாரிக்கு மேலே போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செய்த களவுக்குத் திட்டு வாங்கினாலாவது வாயில் ருசி மிஞ்சியிருக்கும்.

எண்களைப் பார்த்த டொக்டர், அடுத்த இரத்தப் பரிசோதனை வரைக்கும் சீனிக்குப் போடும் குளிசையைக் கூட்டினார். அதன்பிறகு மத்தியானத்துக்கு முன்பே கை நடுங்கத் தொடங்கியது. ஒருநாள் பம்பலப்பிட்டியில், பஸ்ஸுக்குள் வேர்த்து ஊற்றிக் கண் இருண்டது. இறங்கித் தேத்தண்ணிக் கடையில் சீனி போட்ட பிளேன்டீ குடித்த பிறகுதான் உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"சீனி குடிக்க நல்லொரு சாட்டு" என்றாள். அது எனக்குச் சரியாக நொந்தது.

அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் ஒரு தண்ணீர் மாதிரியிலிருந்து மின்வாயை எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, மெல்லிய தாளால் ஒற்றிக்கொண்டிருந்தேன். கழுவாமல் அடுத்ததில் முக்கினால், முன்னதின் மிச்சமும் சேர்ந்து எண்ணாக வரும். தாளை எறியக் கையைத் தூக்கியபோது, விரலில் மாம்பழம் மணத்தது.

கறுத்தக் கொழும்பான். மனைவிக்கு அதென்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், காலையில் அவசரம். ஆகவே சந்தைக்குப் பழம் வந்த நாள் முதல், தோல் சீவி வெட்டி அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் வைப்பது நான்தான். ஒரு துண்டையும் வாயில் வைக்கமாட்டேன். உடுத்திருக்கும் சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு, அதே விரலைக் குத்துவேன்.

மறுநாள் விடிய அவளைக் குசினிக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தேன். பழம் வெட்டி, கையைத் துடைத்து, விரலைக் குத்தினேன். இருநூறுக்கு மேல். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, மற்ற விரலைக் குத்தினேன். எண்பதுகூட இல்லை.

"பாரும், இதிலை சீனி திண்டது என்ரை விரல்" என்று தொடங்கினேன். இரவு முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு இன்னும் நிறைய இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அண்டைக்குப் பஸ்ஸிலை வேர்த்தது?"

"உண்மைதான். குளிசை கூடிப்போச்சு."

"விழுந்திருந்தால்?"

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கழுவிய என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"களவாய்ச் சீனி திண்டுதான் மனுசன் விழுந்ததெண்டு, வந்தவை போனவை எல்லாருக்கும் நானே சொல்லியிருப்பன்."