தேவசித்தம் என்று எழுதிய கை

பாதிரியார் கடல் தாண்டி இந்த ஊர் மாதா கோயிலுக்கு வந்து முப்பத்தோரு வருஷம். வந்த புதிதில் ஒரு வாசல் தவறாமல் தலையை இடித்துக்கொண்டதால் ‘நெட்டைச் சாமி’ என்ற பேர் ஒட்டிக்கொண்டது. சாமியாருக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். மலையை வெடிவைத்துத் தகர்த்து வீடுகளையெல்லாம் வெள்ளைத் தூசியில் மூழ்கடித்த சுரங்கக் கம்பெனிக்காரர்கள், குடியிருப்பை ஒட்டிப் புதுக்குழி வெட்டப் புறப்பட்டபோது, வழக்குப் போட்டது அவர்தான். மிரட்டிப் பார்த்தார்கள். கோயிலுக்குப் புதுக்கூரை போட்டுத் தருகிறோம் என்று குழைந்தும் பார்த்தார்கள். மனுஷர் மசியவில்லை.

ஆனால் கொஞ்ச நாளாகவே அவருக்கு ஒரு தொல்லை. காலைப் பூசையில் ஆளில்லாத பின்பெஞ்சுகளிலிருந்து இருமல் கேட்டது. நெஞ்சைச் சுரண்டுகிற வறட்டு இருமல். மணியடித்து, மெழுகுவத்தி ஏற்றும் கோயில்பிள்ளையிடம் சொன்னதற்கு, புறாவாக இருக்கும் என்றார். புறா எங்கேயாவது இருமுமா? இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிட முடிந்தது சாமியாரால். இது பாறையில் துளை போட்டவன். இது லாரிக்காரர். இது கல் சலித்த அக்காவும் தங்கையும். அத்தனை பேரையும் மண்ணில் வைத்தது அவரேதான்.

வழக்கு விசாரணைக்கு வந்ததும், தங்கள் தரப்பு வக்கீலம்மா கோயிலின் அடக்கப் பதிவேட்டைக் கேட்டார். யார் யார் எதனால் செத்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாதாம். இறந்த காரணம் எழுதும் கட்டத்தில் பதினோரு வருஷமாக, எழுபத்துமூன்று பேருக்கும், அவர் கைப்பட ஒரே சொல்தான்: தேவசித்தம். அழுதுகொண்டு நிற்கிற பெண்டு பிள்ளைகளிடம் காரணத்தை வேறு சொல்லி வெந்த புண்ணைக் கிளறுவானேன் என்ற நல்லெண்ணம்தான். நல்லெண்ணம் நாசமாய்ப் போக!

புது ஏடு வாங்கி மாற்றி எழுதிவிடலாம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கோயில்பிள்ளை காதைக் கடித்தார். சாமியார் கோயிலில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பின்பெஞ்சில் இருமல் சட்டென்று நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்ப்பது போலிருந்தது. பேனாவை மூடினார்.

நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, தேவசித்தம், தேவசித்தம் என்று ராகம் போட்டு வாசித்தார்.

“கையெழுத்து உங்களுதுதானே ஃபாதர்? கடவுள் செஞ்சதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?”

சிரிப்பு எழுந்தது. பின்னால் செத்தவர்களின் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் சாமியாருக்கு இல்லை.

“கையெழுத்து என்னுதுதாங்க. எழுதினதுதான் பொய். அவங்க நெஞ்சு பூரா கல்தூசி. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சே கடவுள் மேல பழியப் போட்டேன்.”

பிறகு ஏட்டைப் பார்க்காமலே ஒவ்வொருவராகச் சொன்னார். யார் எத்தனை மாதம் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள், யாருக்குக் கடைசியில் ஒரு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை என்று எழுபத்துமூன்றையும் சொல்லி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. மதியத்துக்குப் பின் புதுக்குழிக்குத் தடை உத்தரவு வந்துவிட்டது.

வெளியே வந்தவரைச் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கூட்டம் கலைந்தபின் ஒருத்தி மட்டும் நின்றாள். துளை போட்டவனின் அம்மா, தையல்காரி. அந்த மூத்த மகன் போய் ஆறு வருஷமாகிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாளும் மனதைத் தேற்றிவந்தாள்.

“அப்போ எம் பெரியவனக் கடவுள் கூப்பிட்டுக்கலையா சாமி?”

“இல்லம்மா.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

“அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, சின்னவன அவன் வேலைக்கு அனுப்பியிருக்க மாட்டேனே.”

தடை புதுக்குழிக்கு மட்டும்தான். பழைய குழியில் சின்னவனுக்கு அன்றைக்குப் பகல் ஷிப்ட்.